பூட்டிய பெட்டியும் முப்பத்திரண்டாம் நம்பரும்

"முனிரத்தினம், தகப்பனார் பெயர் சின்னப்பையன். வயது நாற்பத்து நான்கு. மைசூர் மைன்ஸில் டிம்பர் மேஸ்திரி. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இடது புருவத்தின் மேல் தழும்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர். நிதானமான சுபாவம். தங்கக் கல் கடத்துவோருடன் தொடர்பு இருப்பதாகச் சந்தேகம். வசதியுள்ளவர், வெளியே காட்டிக்கொள்வதில்லை. வீட்டில் பூட்டிய டிரங்குப் பெட்டி இருக்கிறது. கண்காணிக்கவும்."

1967-இல் சுரங்கக் காவல் பிரிவின் பதிவேட்டில் இப்படி எழுதி வைத்தார்கள். இதில் உயரம் சரி. தழும்பும் சரி. பெட்டி இருந்ததும் அது பூட்டியிருந்ததும் உண்மைதான்.

நிதானமான சுபாவம் என்பதை யாராவது படித்துக் காட்டியிருந்தால் அவருடைய மனைவி கங்கம்மா வாய்விட்டுச் சிரித்திருப்பாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் ஒரு தட்டுச் சோற்றை உட்கார்ந்த இடத்தில் தின்று முடித்து அவள் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பார். கூரை உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்தால் குழம்பு ஆறியிருக்கும்.

தொழில் அப்படி. பூமிக்கு அடியில் கல்லை வெட்டி எடுத்த பிறகு அந்த இடம் வெறுமையாக நிற்கும். மேலே உள்ள பாறை இறங்காமல் இருக்க, அளவெடுத்து மரம் வெட்டி முட்டுக் கொடுப்பது டிம்பர்காரர்களின் வேலை. நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தால் அங்கே ஆபத்து இருக்கிறது என்பதைத் தவிர வேறு தத்துவம் எதையும் முனிரத்தினம் கற்றதில்லை. எழுத்துத் தெரியாதே தவிர எண் தெரியும். ஆழத்தைச் சொல்லும் லெவலுக்கு நம்பர், முட்டுக்கு நம்பர், ஆளை இறக்கி ஏற்றும் கேஜுக்கு நம்பர், ஆளுக்கும் பித்தளை வில்லையில் ஒரு நம்பர். எண் தெரியாமல் கோலார் தங்க வயலில் ஒருவன் கீழே போய் மேலே வர முடியாது.

சுரங்கம் சர்க்கார் கைக்கு மாறிய பிறகு பங்களாக்கார வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாகக் கப்பலேறினார்கள். போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் சாமான்களைப் பரப்பி விற்பார்கள். நாற்காலிக்கும் பீங்கானுக்கும் பஜார்க்காரர்கள் முந்துவார்கள். 1958-இல் அப்படி ஒரு விற்பனையில் முனிரத்தினம் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினார். பூட்ஸ் அவர் காலுக்குச் சேரவில்லை. பூட்ஸ் பெட்டியின் அடியில் கிடந்த பதினோரு அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்கள் அவரிடம் சேர்ந்துவிட்டன.

அவற்றை அவர் இரண்டாகப் பிரித்தார். குதிரைக்காரப் புத்தகம், அழுவாச்சிப் புத்தகம். குதிரைக்காரப் புத்தகத்தில் தொப்பி போட்டவர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள்; தொப்பி கீழே விழுந்தவன் செத்தவன். அழுவாச்சிப் புத்தகத்தில் மஞ்சள் முடிப் பெண்கள் ஜன்னலோரம் நின்று ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்கள். அந்தச் சொட்டு கன்னத்தின் நடுவில் வந்து நின்றுவிடும், கீழே இறங்காது.

"இன்னாத்துக்கு அழுவறா இவ?" என்று கங்கம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"புருசன் வேலைக்குப் போய்ட்டான் போல."

"நானும்தான் டெய்லி அனுப்பறேன். எனக்கு ஒரு சொட்டு வருதா?"

பதினொன்று நாற்பதாயிற்று, நாற்பது நூறாயிற்று. ஞாயிறுதோறும் எந்த பங்களாவில் மூட்டை கட்டுகிறார்கள் என்று விசாரித்து நடந்தார். சம்பளம் வாங்கிய வாரத்தில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பவுரிங்பேட்டையில் மாறி, பெங்களூர் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் குந்தி உட்கார்ந்து தேடினார். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த வேணுகோபாலிடம் மாதம் இருமுறை போய் நின்றார். பங்களாப் பழைய காகிதமெல்லாம் எடைக்கு அங்கேதான் வந்தது. வேணுகோபாலுக்கு ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரியும். அவர் அந்தப் புத்தகங்களைக் கிழித்துப் பட்டாணி கட்டினார். படிக்கத் தெரியாத முனிரத்தினம் அவற்றை வாங்கி வந்து, முதுகு பிரிந்ததைக் கோணி ஊசியால் தைத்து, வேப்பிலை வைத்து, எண் வரிசையில் அடுக்கினார். படிப்பினால் மனிதனுக்கு வரும் பண்பு பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள்.

வரிசை என்று வந்தால் காலி இடமும் வந்துவிடும். குதிரைக்காரப் புத்தகங்களில் ஒரு வகையில் ஒன்று முதல் ஐம்பது வரை சேர்ந்திருந்தது, முப்பத்திரண்டு மட்டும் இல்லை. முப்பத்தொன்றின் பின்னட்டையில் கதாநாயகன் வெள்ளைத் தொப்பியோடு மலை விளிம்பில் தொங்குகிறான். முப்பத்துமூன்றின் முதல் பக்கத்தில் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு சாவகாசமாகக் குதிரை மேல் வருகிறான். நடுவில் என்ன நடந்தது? தொப்பி எப்படி மாறியது? இந்தக் கேள்வி முனிரத்தினத்தை நாலு வருஷம் சோறு தின்ன விடவில்லை.

இனி பெட்டி விஷயம். வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் காகிதம் தேவைப்படும், எலி உண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உண்டு. ஆகவே பெட்டியைப் பூட்டினார். இதைவிடச் சாதாரணமான காரணம் இருக்க முடியாது. ஆனால் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாரும் எதையும் பூட்டுவதில்லை. பூட்டி வைக்கும்படி யாரிடமும் எதுவும் இருந்ததில்லை. பூட்டினால் உள்ளே இருப்பது ஒன்றுதான். தங்க வயலில் பிறந்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. பங்களா பங்களாவாகப் போகிறான். சட்டைக்குள் பொட்டலத்தோடு வருகிறான். மளிகைக் கடைக்காரனோடு குசுகுசுவென்று பேசுகிறான். ரயிலேறிப் பெங்களூர் போகிறான், மூன்று வேளையும் தவிப்பாக இருக்கிறான். வேறென்ன வேண்டும்?

விளைவு என்னவென்றால் மரியாதை. கல்யாண வீடுகளில் மேஸ்திரிக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டார்கள். குழாயடியில் கங்கம்மாவின் குடத்துக்கு வழி விட்டார்கள். முனிரத்தினம் இதைக் கவனிக்கவில்லை. கங்கம்மா கவனித்தாள். பெட்டியில் இருப்பது காகிதம் என்று அவளுக்குத் தெரியும். யாரும் அவளிடம் நேராகக் கேட்கவில்லை, அவளும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

அந்த மரியாதைதான் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலிலிருந்து பார்வதம்மாவை அழைத்து வந்தது. அவளுடைய மகன் சிவப்பிரகாசம் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். முனிரத்தினத்தின் மகள் சரோஜாவுக்குக் கேட்டு வந்தாள். சரோஜா எட்டாவது வரை படித்தவள். சிவப்பிரகாசத்தை கோரமண்டல் ஸ்டேஷனில் ரெண்டு தரம் பார்த்திருந்தாள். மூன்றாவது தரம் பார்க்க ஆட்சேபணை இல்லை என்ற நிலையில் இருந்தாள்.

"எங்களுக்கு ஒண்ணும் வாணாம் கங்கம்மா," என்றாள் பார்வதம்மா, கண்ணைப் பெட்டியிலிருந்து எடுக்காமல். "பொண்ண அனுப்புங்க போதும். ஒங்களுக்குத் தெரியாததா?"

அவள் படியிறங்கியதும் கங்கம்மா பெட்டிச் சாவியை எடுத்துத் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டாள். "கண்ணாலம் முடியற வரைக்கும் இத்த தெறக்கக் கூடாது. அந்தம்மா எப்ப வருது எப்ப போவுதுன்னே தெரியல. நீ பாட்டுக்குப் பொம்மை பொஸ்தகத்தப் பரப்பிக்கினு குந்தியிருந்தீன்னா பொண்ணு கதி அவ்ளோதான்."

"காயிதம்னு தெரிஞ்சா இன்னா?"

"தெரிஞ்சா அந்தம்மா திரும்பிக்கூடப் பாக்காது. போய் வேலையப் பாரு."

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. திறக்க முடியாத பெட்டியைச் சுற்றி முனிரத்தினம் நடந்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் வேணுகோபால் ஆள் அனுப்பினார். முப்பத்திரண்டு வந்திருந்தது.

பழைய தினசரிக்குள் வைத்துச் சுருட்டி வேணுகோபால் நீட்டினார். "பட்டாணிக்குப் போவ வேண்டியது. நீ கேட்டியேன்னு எடுத்து வெச்சேன். இதுல அப்படி இன்னாப்பா கீது?"

"இல்லாதது கீது, மொதலாளி."

வீட்டுக்கு வந்தால் பார்வதம்மாவின் தங்கை குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை எடுக்க வழியில்லை. பாயடியில் வைக்க முடியாது, பரணில் எலி. சாவி தாலிக் கயிற்றில். மறுநாள் முதல் ஷிப்டு. முனிரத்தினம் முப்பத்திரண்டைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துச் செருகிக்கொண்டு கேஜில் இறங்கினார்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களை விட்டு ஒதுங்கி உட்கார்ந்து, தலைவிளக்கு வெளிச்சத்தில் முதல் பக்கத்தைத் திருப்பினார். கதாநாயகன் பழுப்புத் தொப்பி போட்டிருந்தான். கடைசிப் பக்கம் வரை பழுப்புத் தொப்பிதான். மலையும் இல்லை, விளிம்பும் இல்லை.

"மேஸ்திரி, ஒடம்பு சரியில்லியா?" என்று அவர் கோஷ்டியில் வேலை பார்த்த ஏனோக் கேட்டான். லைனிலும் அவன்தான் பக்கத்து வீடு.

"மூணாவது தொப்பிடா," என்றார் முனிரத்தினம். ஏனோக்குக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டான்.

ஷிப்டு முடிந்து மேலே வந்தால் ஒவ்வொருவரையும் தடவிச் சோதித்துத்தான் விடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் இரண்டு கையையும் தூக்கி நின்றவர் முனிரத்தினம். அவர்கள் தேடுவது தங்கம், தன்னிடம் இருப்பது காகிதம், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தார். குற்றமில்லாதவர்கள் மட்டுமே இப்படி முட்டாள்தனமாக யோசிப்பார்கள். சோதனை போடும் காவல் ஜமேதாரின் கை வயிற்றில் பட்டதும் விறைப்பாக ஏதோ தட்டுப்பட்டது.

"ஏனப்பா, இது இன்னா?"

"முப்பத்திரண்டு."

"எது முப்பத்திரண்டு?"

"முப்பத்தொண்ணும் முப்பத்திமூணும் கீது. இதான் நாலு வருசமா கெடைக்காம இருந்துச்சு."

"மத்ததெல்லாம் எங்க?"

"வூட்ல. பெட்டில."

இதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை ஜமேதார் தன் உத்தியோகத்தில் கேட்டதில்லை. ஏற்கெனவே யாரோ மொட்டைக் கடுதாசி போட்டு, பதிவேட்டில் பெயரும் ஏறியிருந்தது. மாலை மூன்று மணிக்கு அவரும் இரண்டு காவலர்களும் முனிரத்தினத்தை நடுவில் நடத்திக்கொண்டு லைனுக்கு வந்தார்கள். சங்கு ஊதாமலே கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தின் முகத்தில் பரிதாபம் இல்லை. பல வருஷமாக மனசுக்குள் கட்டிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் பார்க்க வந்தவர்கள் போல நின்றார்கள்.

கங்கம்மா சாவியைக் கொடுக்க மறுத்தாள். தாலிக் கயிற்றில் ஜமேதார் கை வைக்க முடியாது. பூட்டை உடைத்தார்கள்.

வேப்பிலை வாசனை முதலில் வந்தது. பிறகு புத்தகம். எடுக்க எடுக்கப் புத்தகம். நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து உதறினார்கள், தூசியைத் துணியில் பிடித்து வெயிலில் காட்டினார்கள். ஒரு துளி மின்னவில்லை. ஒரு காவலர் நடுவில் ஓர் அழுவாச்சிப் புத்தகத்தில் ஆழ்ந்துவிட, ஜமேதார் அவரை அதட்ட வேண்டியிருந்தது.

"இன்னா மேஸ்திரி, காயிதமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். குரல் அழுவதுபோல் இருந்தது.

ஐந்தரை மணிக்கு முனிரத்தினம் நிரபராதி ஆனார். ஆறு மணிக்குக் குழாயடியில் கங்கம்மாவின் குடத்தை யாரோ காலால் நகர்த்தினார்கள். மறுநாள் காலை கோரமண்டலிலிருந்து ஆள் வந்தது: மாசியில் கல்யாணம் வேண்டாம், பிறகு பார்ப்போம்.

சரோஜா அழவில்லை. புத்தகங்களைப் பொறுக்கி எண் வரிசையில் அடுக்கிக் கொடுத்தாள். கங்கம்மா அடுப்பைப் பார்த்தாள், புத்தகங்களைப் பார்த்தாள். அன்று அவள் எதையும் கொளுத்தாததை முனிரத்தினம் கடைசிவரை நன்றியோடு நினைத்திருந்தார்.

காப்பாற்றியது ஏனோக்தான், அதுவும் உதவி செய்ய நினைக்காமல். கேஜுக்குக் காத்திருந்தவர்களிடம் அவன் கேட்டான்: "ஏம்பா, படிக்கத் தெரியாதவன் எவனாச்சும் நானூறு இங்கிலீஷ் பொஸ்தகம் வெச்சிக்கினு இருப்பானா? நீயே சொல்லு. காட்டறதுக்கு ஒரு பொட்டி, மறைக்கறதுக்கு ஒரு பொட்டி. வாட்சுமேனுங்க காட்டறத தெறந்துட்டுப் போனானுங்க. அன்னிக்கிக் கீழயே எங்கிட்ட 'மூணாவது தொப்பி'ன்னு சொன்னாரு. எனக்கு அப்பவே தெரியும்."

இரண்டு ஷிப்டு முடிவதற்குள் செய்தி கோரமண்டலை எட்டியது. வெறும் பெட்டிக்காரனை விட, சோதனையில் அகப்படாதவன் எத்தனையோ உயர்ந்தவன். வெள்ளிக்கிழமை பார்வதம்மா தாம்பூலத்தோடு வந்து இறங்கினாள்.

"சம்மந்தி, நீங்க கெட்டிக்காரருதான் போங்க!"

முனிரத்தினம் நின்றுகொண்டே பேசினார். "அம்மா, எங்கிட்டத் தங்கம் இல்ல. ஒரு பொட்டுகூட இல்ல. எப்பவும் இருந்ததில்ல. பொம்மை பொஸ்தகம்தான் கீது."

பார்வதம்மா சிரித்தாள். "அப்படித்தான் சொல்லணும். என் வூட்டுக்காரரும் இருந்திருந்தா இப்படித்தான் சொல்வாரு."

"சத்தியமா இல்லம்மா."

"சரி, ஒங்க பேரு அந்த ரிஜிஸ்டர்ல கீதா இல்லியா?"

"கீதுன்னு ஜமேதார் சொன்னாரு."

"கெவர்மெண்டு சும்மாவா எழுதி வெக்கும்? பேர அடிச்சி நோட்டீஸ் போர்டுல போடட்டும். அப்ப நம்பறேன்." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு முகூர்த்தத் தேதியைச் சொன்னாள். அன்றிலிருந்து முப்பத்தாறாவது நாள்.

மறுநாள் காவல் பிரிவிலிருந்து அழைத்தார்கள். சோதனையில் குற்றம் எதுவும் தெரியவில்லை. முப்பது நாளைக்குள் வந்து கைநாட்டு வைத்தால், பிடித்து வைத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் பெயரை அடித்து, அதைச் சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்டு வாசல் நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்கள். வராவிட்டால் பெயர் இருந்தபடி இருக்கும், புத்தகம் கழிவுக்குப் போகும். விதி அது. ஜமேதார் அன்பாகத்தான் சொன்னார்.

முப்பத்திரண்டு கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்தால் கல்யாணம் நிற்கும்.

அந்த முப்பது நாளும் முனிரத்தினத்தை லைனில் பார்த்தவர்கள், பெரிய சரக்கு ஒன்று கைமாறப் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். ஷிப்டு முடிந்தால் காவல் பிரிவு ஆபீஸ் வரை நடப்பார். கேட்டுக்கு எதிரே நிற்பார். கட்டை விரலை வேட்டியில் துடைப்பார். திரும்பி வருவார். வீட்டில் பெட்டியைத் திறந்து முப்பத்தொன்றையும் முப்பத்துமூன்றையும் எடுத்து அருகருகே வைப்பார், மூடுவார், திரும்பவும் திறப்பார். கங்கம்மா திட்டாமல் அவர் தட்டை மூடி வைத்தாள். அது அவள் சுபாவத்துக்கு மாறானது என்பதால் அவரை மேலும் அலைக்கழித்தது.

இருபத்தெட்டாம் நாள் சரோஜா அவர் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"நைனா, போய்க் கைநாட்டு வெச்சிட்டு வா. நீ படற பாட்ட என்னால பாக்க முடியல."

"ஒனக்கு அந்தப் பையனப் புடிச்சிக்கீதா?"

சரோஜா தரையில் கோடு கிழித்தாள். "அவரு அவங்கம்மா மாதிரி இல்ல. இந்தப் பொஸ்தகத்துல ஒண்ணு எடுத்தாரச் சொன்னாரு, குதிரைக்காரது."

முனிரத்தினம் முப்பத்தொன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். "இரவல் குடுக்கறதில்லன்னு சொல்லு."

"நைனா, ஒண்ணு சொல்லட்டுமா? நான் படிச்சிப் பாத்துருக்கேன். எல்லாம் தனித்தனிக் கதை. முப்பத்தொண்ணுல வர்றதுக்கும் முப்பத்திமூணுக்கும் சம்பந்தமே இல்ல. முப்பத்திரண்டு இல்லன்னா ஒண்ணும் கொறையாது."

"அது எனக்குத் தெரியும். கீழ பாத்தேனே, பழுப்புத் தொப்பி. அதுக்காக நடுவுல எடத்தச் சும்மா வுட முடியுமா?"

இருபத்தொன்பதாம் நாள் கேட்டுக்கு உள்ளேயே போனார். ஜமேதார் மேசை மேல் முப்பத்திரண்டு கிடந்தது. அதன் மேல் தேநீர் டம்ளர், டம்ளரைச் சுற்றி ஈர வட்டம். "வா மேஸ்திரி, இங்க வை," என்று ஜமேதார் மைப்பெட்டியை நகர்த்தினார். முனிரத்தினம் டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தார். புத்தகத்தை வேட்டி நுனியால் துடைத்தார். அறையின் உத்தரத்தை அண்ணாந்து பார்த்து, "கெழக்கு மூலையில முட்டு ஒண்ணு வெக்கணும் சார், இறங்குது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மறைத்து வைத்த பெட்டிக்காகப் பார்வதம்மா ஒரு வருஷம் காத்திருந்தாள், பிறகு பேத்தி பிறந்ததில் காத்திருப்பதை மறந்தாள். அல்லது, சம்பந்தி தன்னை விடக் கெட்டிக்காரர் என்று முடிவு செய்தாள். இரண்டுக்கும் ஊரில் ஆதாரம் உண்டு. முனிரத்தினம் 1978-இல் ஓய்வு பெறும்வரை பதிவேட்டில் அந்தக் குறிப்பு திருத்தப்படாமலே இருந்தது. கல்யாண வீடுகளில் கடைசிவரை முதல் வரிசை நாற்காலிதான். அதில் அவர் ஒரு முறையும் நிலையாக உட்காரவில்லை.

முப்பத்தொன்றுக்கும் முப்பத்துமூன்றுக்கும் நடுவில், ஒரு புத்தகத்தின் கனத்துக்குப் பலகை சீவி வைத்திருந்தார்.

முனிரத்தினம் சுரங்கத்திலிருந்து தங்கம் எதுவும் எடுக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு காமிக்ஸ் புத்தகங்களைச் சேர்த்து வைத்தார். மகளின் கல்யாணத்துக்காக ஒன்றைக் காவல் பிரிவின் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார்.